தொண்டை மண்டல ஏரிப்பகுதியின் கோடை: வெப்பம், புழுக்கம், இடிமழை குறித்த தமிழ்ச் சொல்வழக்கும் வானிலை அறிவிப்பு மொழியும்

ஆய்வுச் சுருக்கம்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களை உள்ளடக்கிய ஏரிப்பகுதியில் கோடைக்கால வானிலையை மக்கள் வெயில், புழுக்கம், இடிமழை என்னும் மூன்று நிலைகளாக உணர்கின்றனர். இம்மூன்றையும் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் உலர்ந்த வெப்பத்தையும் ஈரம் கலந்த வெப்பத்தையும் தெளிவாக வேறுபடுத்துகின்றன. இன்றைய வானிலை அறிவிப்பு மொழியில் இவ்வேறுபாடு மங்கியுள்ளது. ‘ஈரப்பதம்’, ‘அசௌகரியம்’, ‘வெப்பச்சலனம்’, ‘வாய்ப்பு’ ஆகிய நான்கு சொற்களின் பொருட்பரப்பை வளிமண்டல அறிவியலோடு ஒப்பிட்டு, ‘புழுக்கம்’ என்னும் சொல்லைக் கலைச்சொல்லாக ஏற்பதற்கான அடிப்படையை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: புழுக்கம், ஈரப்பதம், கோடை, கொண்டல், வெப்பச்சலனம், ஏரிப்பகுதி, கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

ஒரு நிலத்தின் காலநிலை அந்நில மக்களின் சொற்களில் பதிவாகிறது. மழையைக் குறிக்கவும் மேகத்தைக் குறிக்கவும் தமிழில் வழங்கும் பல சொற்கள் நிகண்டுகளில் தொகுக்கப்பட்டுள்ளன. கொண்மூ, கொண்டல், எழிலி, கார், முகில், மஞ்சு என நீளும் மேகப் பெயர்கள் ஆய்வாளர் பலரது கவனத்தைப் பெற்றவை. வெப்பத்தைக் குறிக்கும் சொற்கள் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. வெப்பம் ஒன்றே என்றும், அதன் மிகுதி குறைவே வேறுபாடு என்றும் கொள்ளும் பொதுப்பார்வை இதற்கு ஒரு காரணம் எனலாம்.

உடல் உணரும் வெப்பம் ஒருவகைப்பட்டதன்று. காற்றில் நீராவி குறைந்திருக்கும் வெப்பமும், நீராவி செறிந்திருக்கும் வெப்பமும் மனித உடலை வெவ்வேறு வகையில் தாக்குகின்றன. முதலாவதில் வியர்வை விரைந்து ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. இரண்டாவதில் வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே தங்குகிறது. இவ்வேறுபாடு மருத்துவ முறையிலும் சமூக முறையிலும் முதன்மையானது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநில அளவிலான பேரிடராக அறிவித்தது. அதன்பின் வெப்பத்தை எச்சரிக்கும் மொழி உயிர் காக்கும் மொழியாகவே ஆகியுள்ளது. அம்மொழி மக்கள் வழக்கோடு பொருந்துகிறதா என்னும் வினா இவ்வாய்வுக்கு அடிப்படை.

2. ஆய்வுக்களம்: ஏரிகளும் கோடையும்

பழைய செங்கல்பட்டு மாவட்டம் ‘ஏரி மாவட்டம்’ எனப் பெயர் பெற்றது. மதுராந்தகம், உத்திரமேரூர், செம்பரம்பாக்கம், தென்னேரி, புழல், சோழவரம் எனப் பல ஏரிகள் இப்பகுதியில் அமைந்துள்ளன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. ஏரியைப் பேணுவதற்கென விடப்பட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’ எனப்பட்டது. ஏரி இங்குப் பாசன அமைப்பாக மட்டுமன்றி ஊர் நிருவாகத்தின் அச்சாகவும் விளங்கியது.

‘ஏரிப்பகுதி’ என்றவுடன் அதன் கோடை ஈரம் ஏரிகளிலிருந்தே வருகிறது என்று கருதத் தோன்றும். இக்கருத்து பெரும்பாலும் பொருந்தாது. இப்பகுதியின் ஏரிகள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையால் நிரம்புபவை. ஆழம் குறைந்து பரப்பு மிகுந்த இந்நீர்நிலைகளில் பல, சித்திரை வைகாசியில் வற்றிப்போகின்றன. அல்லது மடைக்குக் கீழே சிறிதளவு நீரோடு நிற்கின்றன. 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியும் 2019 கோடையில் ஏறத்தாழ வறண்டது. ஏரியில் நீர் இருக்கும் காலத்தில் வெப்பம் தணிந்தும், நீர் வற்றிய காலத்தில் புழுக்கம் மிகுந்தும் இருப்பதற்குக் காரணம் காற்றின் திசையே. கோடையில் இப்பகுதிக்கு ஈரத்தைக் கொண்டு சேர்ப்பது வங்கக்கடல்.

இங்குக் கோடை நாளொன்று இரு காற்றுகளின் போட்டியாக அமைகிறது. மேற்கிலிருந்து நிலத்தின்மீது வரும் காற்று உலர்ந்தது, வெப்பமானது. நிலம் சூடேறிய பின் நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து புகும் கடற்காற்று ஈரமானது, வெப்பநிலையைக் குறைப்பது. மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று காலந்தாழ்ந்து வரும் நாள்களில் வெப்பநிலை உச்சத்தை எட்டுகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45.0 பாகை செல்சியசு பதிவானது. ஏரிகள் வற்றிக் கிடக்கும் இம்மாதங்களே தூர்வாருதல், கரை பலப்படுத்துதல், செங்கல் அறுத்தல் ஆகிய திறந்தவெளிப் பணிகள் நடைபெறும் மாதங்கள். நீர்நிலையைக் காக்கும் உழைப்பு, ஆண்டின் கொடிய வெப்பத்தில் செய்யப்படும் உழைப்பாக உள்ளது.

3. உலர்வெப்பச் சொற்களும் ஈரவெப்பச் சொற்களும்

தமிழில் வெப்பம் குறித்து வழங்கும் சொற்களைப் பொருள் அடிப்படையில் இரு தொகுதிகளாகப் பிரிக்கலாம்.

முதல் தொகுதியில் வெயில், வெம்மை, அனல், காங்கை, தணல், கானல் ஆகியவை அடங்கும். இவை ஞாயிற்றொளி, தீ, சுடுமண் ஆகியவற்றோடு தொடர்புடையவை. அனல் காற்று வீசுகிறது, தரையிலிருந்து காங்கை அடிக்கிறது, வெயில் காய்கிறது, கானல் ஓடுகிறது என்னும் வழக்குகளில் வெப்பம் வெளியிலிருந்து உடலை நோக்கி வருகிறது. ‘காய்தல்’ என்னும் வினையே வெப்பமடைதல், உலர்தல் ஆகிய இரு பொருள்களையும் ஒருங்கே தருவது குறிப்பிடத்தக்கது. இத்தொகுதியில் வெப்பமும் வறட்சியும் பிரிக்க இயலாதவை.

இரண்டாம் தொகுதியில் புழுக்கம், இறுக்கம், ஓதம் ஆகியவை அடங்கும். ‘புழுங்குதல்’ என்னும் வினை இவற்றுள் தலைமையானது. நெல்லை நீரில் ஊறவைத்து ஆவியில் அவித்து எடுப்பது புழுக்குதல்; அவ்வாறு பெறும் அரிசி புழுங்கல் அரிசி. நீர், ஆவி, வெப்பம், மூடிய கலம் ஆகிய நான்கும் சேர்ந்த நிலையே இவ்வினையின் பொருள். நெருப்பில் நேரே வாட்டுவதற்குச் சுடுதல் என்றும், நீரின்றிச் சூடாக்குவதற்கு வறுத்தல் என்றும் வேறு வினைகள் உள்ளன. ஆகவே ஒருவர் ‘புழுங்குகிறது’ எனக் கூறும்போது, தாம் ஆவி நிறைந்த மூடிய கலத்தினுள் இருப்பதுபோன்ற நிலையைத் துல்லியமாகச் சுட்டுகிறார். ‘இறுக்கம்’ என்னும் சொல் காற்றோட்டம் இன்மையைச் சேர்க்கிறது. ‘ஓதம்’ கடல், கடலலை, வெள்ளம் ஆகிய பொருள்களோடு சுவரிலும் தரையிலும் ஏறும் ஈரக்கசிவையும் குறிக்கிறது. கடலுக்கும் காற்றின் ஈரத்துக்கும் உள்ள உறவு இச்சொல்லின் பொருட்பரப்பிலேயே அமைந்துள்ளது.

இரு தொகுதிச் சொற்களும் உருவகமாக விரியும் முறையிலும் வேறுபடுகின்றன. அனலும் தணலும் சினத்தையும் வெளிப்படையான வேகத்தையும் குறிக்கும். புழுக்கமோ வெளியிட இயலாத மனத்துயரைக் குறிக்கும். மனப்புழுக்கம் என்னும் தொடரில், உள்ளே தோன்றிய வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும் நிலை பேசப்படுகிறது. உடலின் வெப்பம் வியர்வை வழியாக வெளியேற இயலாமையே உடற்புழுக்கம். உருவகமும் உடலியலும் ஒரே காரணத்தைச் சுட்டுகின்றன.

‘வெக்கை’ என்னும் சொல் இவ்விரு தொகுதிகளுக்கும் இடையில் நிற்கிறது. அது வெயிலின் சூட்டையும், வெயில் மறைந்த பின்னும் சுவரிலும் தரையிலும் தங்கி நிற்கும் சூட்டையும் குறிக்கும். இரவு வெப்பத்தைப் பேசுவதற்கு மக்கள் ‘வெயில்’ என்னும் சொல்லைக் கையாள இயலாது. வெக்கையையும் புழுக்கத்தையுமே கையாள்கின்றனர். பகல் உச்ச வெப்பநிலையை மட்டும் கருதும் அறிவிப்பு இவ்விரவு வெப்பத்தைத் தவறவிடுகிறது.

4. பொழுது மரபில் வெப்பமும் மழையும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் வகுக்கும் பொழுது மரபில் வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியவை. பின்பனியும் அதற்கு உரியது. இலக்கிய மரபில் வெப்பம் என்பது பாலையின் வெப்பமே. நீரற்ற சுரம், கானல் நீர், உலர்ந்த மரம், வெடித்த நிலம் ஆகியவை அதன் கருப்பொருள்களாக அமைகின்றன. இவை அனைத்தும் மேலே கூறிய முதல் தொகுதியைச் சார்ந்தவை. ஏரியும் வயலும் சார்ந்த மருதத்துக்கு வைகறையும் விடியலும் சிறுபொழுதுகள். கடல் சார்ந்த நெய்தலுக்கு எற்பாடு. இவ்விரு திணைகளுக்கும் ஆறு பெரும்பொழுதுகளும் உரியன என்பது உரையாசிரியர் கொள்கை. எனவே மருத, நெய்தல் நிலங்களின் கோடைக்கெனத் தனிப் பொழுது ஒதுக்கப்படவில்லை. ஈரவெப்பம் திணை இலக்கணத்தில் இடம்பெறாமல், அன்றாட வழக்கிலும் மனநிலைச் சொல்லாட்சியிலும் தங்கியது என்று கொள்ள இது இடம் தருகிறது.

இங்கு ஒரு காலக்கணக்குச் சிக்கலையும் கருத வேண்டும். மரபுப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இன்று கத்திரி வெயில் எனப்படும் அக்கினி நட்சத்திரக் காலம் மே முதல் வாரத்தில் தொடங்கி மே இறுதி வாரம் வரை நீடிக்கிறது. இது முற்றிலும் இளவேனிலுக்குள் அடங்குகிறது. ஆண்டின் கடுமையான வெப்பம் ‘இளமை’யான வேனிலில் அமைவது முரணாகத் தோன்றும்.

தமிழ் ஆண்டு விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது. பருவங்களோ ஞாயிற்றின் செலவைப் பொறுத்தவை. புவியச்சின் தளர்சுழற்சியால் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வேறுபாடு உண்டாகிறது. இன்று ஏப்ரல் 14ஐ ஒட்டிப் பிறக்கும் சித்திரை, ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இளவேனில் சமநாளை ஒட்டி, அதாவது இன்றைய கணக்கில் மார்ச் 21ஐ ஒட்டிப் பிறந்திருக்கும். அக்கணக்குப்படி இளவேனில் மார்ச் இறுதியிலிருந்து மே இறுதி வரையும், முதுவேனில் மே இறுதியிலிருந்து சூலை இறுதி வரையும் அமையும். கடற்கரைப் பகுதியின் உச்ச வெப்பம் மே இறுதியிலும் சூனிலும் விழுவதால் ‘முதுவேனில்’ என்னும் பெயர் அன்றைய பருவத்தோடு நன்கு பொருந்துகிறது. மாதப் பகுப்பு உரையாசிரியர் வழி வந்தது என்பதால் இதனைக் கால ஆராய்ச்சிக்குரிய சான்றாகக் கொள்ளலாகாது. ஆயினும் பெரும்பொழுதுப் பெயர்களை இன்றைய நாள்காட்டியோடு நேரடியாக ஒப்பிட்டுப் பிழை காண்பது முறையன்று என்பதை இது உணர்த்துகிறது.

முல்லைக்குக் காரும் மாலையும் உரியவை. வட தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவக் காலத்து மழை பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும் இடியோடு பெய்வது. கார்காலமும் மாலைப்பொழுதும் இணைந்த திணை மரபு, காதலரின் பிரிவுத்துயரைச் சொல்லும் கவிதை மரபாக மட்டும் கருதப்பட்டு வந்துள்ளது. அவ்விணைவு இந்நிலத்து இடிமழையின் நாள்நடப்போடும் ஒத்திருப்பது கருதத்தக்கது.

5. ‘ஈரப்பதமும்’ ‘அசௌகரியமும்’

காற்றிலுள்ள நீராவியைக் குறிக்க இன்று வழங்கும் கலைச்சொல் ‘ஈரப்பதம்’. பதம் என்பது சமையலிலும் வேளாண்மையிலும் ஒரு பொருள் எய்தியுள்ள நிலையைக் குறிப்பது. பாகின் பதம், மண்ணின் பதம் என்பவை அறியப்பட்டவை. அவ்வகையில் இச்சொல் நல்லாக்கமே. சிக்கல் அதன் பயன்பாட்டில் உள்ளது. செய்திகளில் ஈரப்பதம் எனத் தரப்படுவது ஒப்பு ஈரப்பதம். காற்று அவ்வெப்பநிலையில் கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் உள்ளது என்னும் அளவு.

காற்று கொள்ளும் நீராவியின் அளவு வெப்பநிலையோடு உயர்கிறது. ஒரு கனமீட்டர் காற்று 30 பாகையில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியையும், 40 பாகையில் ஏறத்தாழ 51 கிராம் நீராவியையும் கொள்ளும். ஆகவே காற்றிலுள்ள நீராவி மாறாமல் இருக்கும்போதே ஒப்பு ஈரப்பதம் மாறும். விடியலில் 27 பாகையும் 85 விழுக்காடும் உள்ள காற்று, நண்பகலில் 36 பாகைக்குச் சூடேறினால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காடாகக் குறையும். எண்ணைப் படிப்பவர் ஈரம் பாதியாகக் குறைந்ததாக எண்ணக்கூடும். உண்மையில் ஈரம் அப்படியே இருக்க, வெப்பம் மட்டும் கூடியுள்ளது. புழுக்கம் மிகுந்துள்ளது; அறிவிப்பின் எண் குறைந்துள்ளது.

இதன் விளைவை ஓர் ஒப்பீட்டால் விளக்கலாம். உள்நாட்டு ஊர் ஒன்றில் 40 பாகை வெப்பமும் 30 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் நிலவுவதாகக் கொள்ளலாம். கடலை ஒட்டிய ஏரிப்பகுதி ஊர் ஒன்றில் 35 பாகையும் 65 விழுக்காடும் நிலவுவதாகக் கொள்ளலாம். முதல் ஊரின் காற்றில் கனமீட்டருக்கு ஏறத்தாழ 15 கிராம் நீராவியும், இரண்டாம் ஊரின் காற்றில் ஏறத்தாழ 26 கிராம் நீராவியும் உள்ளன. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை முதல் ஊரில் ஏறத்தாழ 26 பாகை. இரண்டாம் ஊரில் ஏறத்தாழ 29 பாகை. உடல் உணரும் வெப்பத்தைக் கணிக்கும் வெப்பக் குறியீட்டெண் முறையில் முதலாவது ஏறத்தாழ 43 பாகைக்கும் இரண்டாவது ஏறத்தாழ 47 பாகைக்கும் நிகரானது. வெப்பமானியில் ஐந்து பாகை குறைவான ஊரே உடலுக்குக் கொடியதாகிறது.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையைச் சில மணிநேரம் எட்டினால் நலமான மனித உடலும் தன் வெப்பத்தை வெளியேற்ற இயலாது என்பதை 2010இல் வெளியான ஷெர்வுட், ஹியூபர் ஆகியோரின் ஆய்வு கோட்பாட்டளவில் நிறுவியது. கடும் உழைப்பில் ஈடுபடுவோர்க்கு அதற்கு மிகக் கீழான நிலையிலேயே தீங்கு தொடங்கிவிடுகிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் 40 பாகையையும் கடற்கரையில் 37 பாகையையும் எட்டி, இயல்பைவிட 4.5 பாகை மிகும்போது வெப்ப அலை எனப்படுகிறது. கடற்கரைக்குத் தனி வரம்பு வகுத்தது ஈரத்தின் பங்கை ஓரளவு ஏற்றதாகும். இருப்பினும் வரையறையில் இடம்பெறும் அளவு வெப்பநிலை ஒன்றே. 2023இல் அத்துறை வெப்பக் குறியீட்டெண்ணைச் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியமை இக்குறையை நிரப்பும் முயற்சி. தமிழ் அறிவிப்புகளிலோ வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து மிகும்போது ‘அசௌகரியம்’ ஏற்படலாம் என்று கூறும் வழக்கு நிலைபெற்றுள்ளது.

அசௌகரியம் என்பது வசதிக்குறைவு. பேருந்தில் இருக்கை கிடைக்காமையும் அசௌகரியமே. வியர்வை ஆவியாகாது உடல் வெப்பம் தேங்கும் நிலையை அச்சொல் சுட்டாது. எச்சரிக்கையின் கடுமையையும் அது உணர்த்தாது. அந்நிலைக்குரிய சொல் மக்கள் வழக்கில் ஆயத்தமாக உள்ளது. அதுவே புழுக்கம்.

6. காற்றின் பெயர்களும் ‘வெப்பச்சலனமும்’

தமிழ் மரபு நான்கு திசைக் காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர் தந்துள்ளது. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றுள் கோடை என்னும் பெயர் மேற்குக் காற்றையும் வெயிற்காலத்தையும் குறிக்கிறது. கொண்டல் என்னும் பெயர் கிழக்குக் காற்றையும் மழைமேகத்தையும் குறிக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இவ்விரு சொற்களுக்கும் இவ்விரட்டைப் பொருள்களைப் பதிவு செய்துள்ளது.

கிழக்குக் கடற்கரையின் காலநிலை அறிவு இப்பொருள்விரிவில் செறிந்துள்ளது. மேற்குக் காற்று வீசும் காலமே வெயிற்காலம். கிழக்குக் காற்று கொண்டுவருவதே மேகம். நிலக்காற்றின் வறட்சியும் கடற்காற்றின் ஈரமும் இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. மேலைக் கடற்கரையில் வாழ்வோர்க்கு மழை மேற்கிலிருந்து வருகிறது. ஆதலால் இவ்விரட்டைப் பொருள்கள் கீழைக் கடற்கரை நிலத்தின் அனுபவத்துக்கே இயல்பாகப் பொருந்துவன.

கோடையும் கொண்டலும் சந்திக்கும் இடத்திலேயே இடிமழை பிறக்கிறது. இடிமேகம் உருவாக மூன்று தேவை: தாழ்நிலைக் காற்றில் போதிய நீராவி, மேலே செல்லச் செல்ல விரைவாகக் குளிரும் நிலையற்ற வளிமண்டலம், காற்றை மேலெழுப்பும் ஒரு தூண்டல். நிலத்தினுள் புகும் கடற்காற்றின் முகப்பு, எதிர்வரும் மேற்குக் காற்றோடு மோதும் கோட்டில் இத்தூண்டல் கிடைக்கிறது. சவ்வாது மலைத்தொடரும் அதனைச் சூழ்ந்த உள்மாவட்டங்களும் பிற்பகலில் சூடேறி மேகங்களை வளர்க்கின்றன. மேல்நிலை மேற்குக் காற்று அவற்றைக் கிழக்கே தள்ளுவதால், மாலையிலோ முன்னிரவிலோ அவை ஏரிப்பகுதியை அடைகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தென்மேற்குப் பருவக் காலத்தில் கிடைப்பதற்கு இம்மாலை இடிமழைகளே பெரிதும் காரணம்.

இந்நிகழ்வைக் குறிக்க இன்று வழங்கும் சொல் ‘வெப்பச்சலனம்’. சூடான காற்று மேலெழுவதைக் குறிக்கும் இயற்பியல் கலைச்சொல் என்ற அளவில் அது பிழையற்றது. மழைக்குக் காரணமாக அதனைத் தனித்துக் கூறும்போது, வெப்பம் மிகுந்தால் மழை வரும் என்னும் தவறான புரிதல் உண்டாகிறது. வெப்பம் மிகுந்தும் காற்று உலர்ந்திருக்கும் நாள்களில் மேகம் வளர்வதில்லை. மேலெழும் காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாகும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பமே மேகத்தைப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்துக்கு வளர்க்கும் ஆற்றல். ஈரமே இடிமேகத்தின் எரிபொருள். இச்செய்தி ‘வெப்பச்சலனம்’ என்னும் சொல்லில் இடம்பெறவில்லை.

‘ஒரே புழுக்கமாக இருக்கிறது, மழை வரும்’ என்னும் பொதுவழக்கோ அதனை உணர்ந்துள்ளது. வெயில் கடுமையை மழைக்குறியாகக் கொள்ளாமல் புழுக்கத்தை மழைக்குறியாகக் கொள்வதில் ஈரத்தின் பங்கு வெளிப்படுகிறது. எனினும் இக்குறி முழுமையானதன்று. புழுக்கம் முதல் தேவையை மட்டுமே காட்டும்; வளிமண்டலத்தின் நிலையின்மையையும் தூண்டலையும் காட்டாது. கடற்கரைப் பகுதியில் பல நாள் புழுக்கம் நீடித்தும் ஒரு துளி பெய்யாமல் போவது இதனால்தான். மக்கள் அறிவை முற்றிலும் போற்றுவதும் முற்றிலும் தள்ளுவதும் ஆய்வுக்கு உதவா. அது எதனைச் சரியாக அறிந்துள்ளது, எவ்விடத்தில் அதன் எல்லை முடிகிறது என்று காண்பதே தக்கது.

7. ‘வாய்ப்பும்’ இடமும்

இடிமழை அறிவிப்பில் இரு வினாக்கள் உள்ளன. மழை பெய்யுமா என்பது ஒன்று. எத்தனை இடங்களில் பெய்யும் என்பது மற்றொன்று. வானிலைத் துறையின் வழக்கில் ‘ஓரிரு இடங்களில்’ என்பது அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 விழுக்காட்டுக்கு மிகாதவற்றைக் குறிக்கும். ‘ஒருசில இடங்களில்’ என்பது 26 முதல் 50 விழுக்காடு வரையிலான நிலையங்களைக் குறிக்கும். இவை நிகழ்தகவைக் குறிப்பவை அல்ல, பரப்பைக் குறிப்பவை. பொதுவழக்கில் ‘ஓரிரு’, ‘ஒருசில’ ஆகியவை ஏறத்தாழ ஒரு பொருளனவே. வரையறுக்கப்பட்ட இரு கலைச்சொற்களாக அவை பயன்படுவதைப் படிப்போர் பெரும்பாலும் அறியார்.

தனி இடிமேகம் ஒன்றன் வாழ்நாள் அரை மணியிலிருந்து ஒரு மணி வரையே. அதன் அகலமும் சில கிலோமீட்டர் அளவினது. ஓர் ஏரியின் நீர்ப்பிடிப்பில் கொட்டிய மழை, அடுத்த ஏரியின் கரையை நனைக்காமல் போவது இயல்பு. மாவட்டம் முழுமைக்கும் தரப்பட்ட அறிவிப்பு தம் ஊரில் பொய்த்ததாக மக்கள் கருதுவதற்கு மேகத்தின் இச்சிறுமையும் சொல்லின் தெளிவின்மையும் சேர்ந்து காரணமாகின்றன.

நிகழ்தகவைக் குறிக்கும் ‘வாய்ப்பு’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. வாய்த்தல் என்பது நன்றாக அமைதல், கிட்டுதல், பலித்தல். வாய்ப்பு என்பது விரும்பத்தக்க ஒன்று கைகூடும் நிலை. கோடையில் மழையை எதிர்நோக்கும் உழவர்க்கு ‘மழைக்கு வாய்ப்பு’ என்னும் தொடர் பொருத்தமானதே. மின்னல் தாக்குதல், சூறைக்காற்று, புழுக்கம் ஆகிய தீங்குகளுக்கும் அதே சொல்லைப் பயன்படுத்தும்போது எச்சரிக்கைத் தன்மை குன்றுகிறது. மாலை இடிமழையை வெப்பத்திலிருந்து விடுதலையாக வரவேற்கும் மனநிலையில், ஏரிக்கரையிலும் திறந்த வயலிலும் இருப்பவர் மின்னலின் இடரைக் குறைத்து மதிப்பிட ஏதுவாகிறது. இடியோசை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடிகள் ஆகின்றன. மின்னலைக் கண்ட முப்பது நொடிக்குள் இடி கேட்குமானால் மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது; ஒதுங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது பொருள்.

தமிழின் வினைமுடிபுகள் நிகழ்தகவைப் படிநிலைப்படுத்த உதவும். ‘பெய்யலாம்’, ‘பெய்யக்கூடும்’, ‘பெய்யும்’ என்பவை உறுதிப்பாட்டில் வேறுபட்டவை. தீங்குக்கு ‘இடர்’, நன்மைக்கு ‘வாய்ப்பு’ எனப் பெயர்ச்சொல்லையும் பிரித்தாளலாம். ‘மாலையில் ஓரிரு ஊர்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும், திறந்தவெளியில் மின்னல் இடர் உண்டு’ என்னும் அமைப்பு பரப்பு, நிகழ்தகவு, தீங்கு ஆகிய மூன்றையும் தனித்தனியே தெரிவிக்கிறது.

8. முடிவுரை

தொண்டை மண்டல ஏரிப்பகுதியின் கோடைச் சொல்வழக்கை ஆராய்ந்ததில் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தமிழ் வெப்பச் சொற்கள் உலர்வெப்பம், ஈரவெப்பம் என இரு தொகுதிகளாக அமைந்துள்ளன. திணை மரபு முதல் தொகுதியைப் பாலைக்கு உரியதாக்கியது. இரண்டாம் தொகுதி அன்றாட வழக்கில் வாழ்கிறது.

2. கோடை, கொண்டல் ஆகிய சொற்களின் இரட்டைப் பொருள், கீழைக் கடற்கரையில் நிலக்காற்றும் கடற்காற்றும் ஆற்றும் பங்கோடு ஒத்துள்ளது.

3. பெரும்பொழுதுகளை இன்றைய நாள்காட்டியோடு ஒப்பிடுகையில் விண்மீன் ஆண்டின் நகர்வைக் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

4. ஒப்பு ஈரப்பதத்தின் எண், உடல் உணரும் ஈரவெப்பத்தைக் காட்டாது. வெப்பநிலை, நீராவி ஆகிய இரண்டையும் இணைத்துக் கணிக்கும் அளவுக்குப் ‘புழுக்க அளவு’ என்றும், அது மிகும்போது தரும் எச்சரிக்கைக்குப் ‘புழுக்க எச்சரிக்கை’ என்றும் பெயரிடலாம்.

5. பரப்பு, நிகழ்தகவு, இடர் ஆகியவற்றைப் பிரித்துக் கூறும் தொடரமைப்பு இடிமழை அறிவிப்புகளுக்குத் தேவை.

கலைச்சொல்லாக்கம் புதுச்சொல் படைப்பதோடு முடிவதன்று. வழக்கிலுள்ள சொல் எதனைத் துல்லியமாக அறிந்து வைத்துள்ளது எனக் கண்டு அதற்கு உரிய இடத்தைத் தருவதும் அதன் கடமை. நெல் அவிக்கும் கலத்திலிருந்து பிறந்த ஒரு சொல்லை, வற்றிய ஏரியில் தூர்வாரும் தொழிலாளி விளக்கமின்றி உணர்வார். அவரைக் காக்க விரும்பும் அறிவிப்பு அவருடைய சொல்லிலேயே அமைதல் வேண்டும்.